மிதக்கும் நூல், மூழ்கும் நூல்

முதல் நாள் கடைக்கார பாய் என் முன்னால் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார். "பிரி" என்றார். எதை, எப்படி, எத்தனையாகப் பிரிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தராசுக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் போய் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஷாம்பு குப்பிகள், தண்ணீர் பாட்டில்கள், தயிர் டப்பாக்கள், பால் கவர்கள், உடைந்த குடம் ஒன்று, ஒரு நாற்காலியின் கால். நான் பி.காம். முடித்தவன். பிரிப்பது என்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். வெள்ளையெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், உள்ளே இருப்பது தெரிகிற சாமான் ஒரு பக்கம். ஒரு மணி நேரத்தில் துணிக்கடை அலமாரி போல அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். பாய் வந்தார், பார்த்தார், நாலு குவியலையும் காலால் ஒன்றாகத் தள்ளினார்.

"கலரப் பாத்துப் பொடவ எடுக்கலாம் தம்பி. சாமான் பிரிக்க முடியாது. மறுபடி பிரி."

அன்று சாயங்காலம் வரை அந்த ஒரே சாக்கை ஆறு முறை பிரித்தேன். ஆறு முறையும் தப்பு.

இது 2019 பிப்ரவரியில். ஒருமுறை பயன்படுத்தி வீசும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, இனிமே காயலான் கடையில போயி என்னடா பண்ணப் போற?" என்று வீட்டில் கேட்டார்கள். நிற்கவில்லை. பாலும் எண்ணெயும் கவரில்தான் வந்தன, ஷாம்பு குப்பியில்தான் வந்தது, தண்ணீர் பாட்டிலில்தான் வந்தது. வேறு வேலை அமையாததால் நான் போனேன் என்பதே உண்மை. ஊர்ப்பற்றோ சுற்றுச்சூழல் அக்கறையோ அப்போது என்னிடம் இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

கடை இருப்பது லால்பேட்டையில், காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வீராணம் ஏரியின் தென்கோடியில். காயல்பட்டினத்து வணிகர்கள் பழைய சாமான் வாங்கி விற்றதால்தான் காயலான் கடை என்ற பெயரே வந்தது என்பார்கள். எங்கள் பாய்க்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. "நாங்க குப்ப பொறுக்கல, ஏவாரம் பண்றோம்" என்பார். நாற்பது வருடமாக இரும்பு, பித்தளை, காகிதம், பிளாஸ்டிக் என்று கையாண்ட விரல்கள் அவருடையவை. வலது கைக் கட்டைவிரல் நகம் மட்டும் எப்போதும் நீளமாக இருக்கும். அது அவருடைய கருவி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வாரம் கண்ணை மூடச் சொன்னார். கையில் ஒரு கவரை வைத்து, "கசக்கு" என்றார். கசக்கினேன். "என்ன கேக்குது?" ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "அதான். ஒண்ணும் கேக்காது. பால் கவரு."

அப்படித்தான் கவர்களைக் காதால் படிக்க ஆரம்பித்தேன். பால் கவர் நனைந்த துணி போல விரலுக்குள் அடங்கிவிடும், இழுத்தால் நீளும். மளிகைக் கடையில் முன்பு கொடுத்த மெல்லிய பை சலசலக்கும். புதுச் சட்டையை மடித்து வைத்து வரும் கவர் அப்பளம் நொறுங்குவதுபோல் மொறமொறக்கும். ஓரத்தில் கிழித்துவிட்டால் கடைசிவரை நேராகக் கிழிந்துகொண்டு போகும். முதலாவது எல்.டி., இரண்டாவது எச்.எம்., மூன்றாவது பி.பி. மூன்றும் தனித்தனிச் சாக்கு, தனித்தனி விலை. சிப்ஸ் கவர் இந்த மூன்றிலும் சேராது. உள்ளே வெள்ளி மின்னும். கைக்குள் கசக்கி விட்டால் கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி மறுபடி விரிந்துகொள்ளும். இரண்டு மூன்று வகை ஏடுகளை ஒட்டிச் செய்தது அது. பிரிக்க வழியில்லை என்பதால் வாங்க ஆளில்லை.

பால் கவரை வெட்டும் விதத்தைக்கூட பாய் திருத்தினார். நாமெல்லாம் மூலையைக் கத்தரித்து அந்தத் துணுக்கைக் கீழே போட்டுவிடுகிறோம். நகத்தளவு முக்கோணம். அதை யாரும் பொறுக்கப் போவதில்லை, சாக்கடைக்குள் போகும். ஒரு நாள் கடைக்குள் டீ போடும்போது நான் அப்படி வெட்டியதைப் பார்த்துவிட்டார். அந்தத் துணுக்கைத் தேடி எடுக்க வைத்தார். பிறகு தானே ஒரு கவரை எடுத்து, மூலையில் கத்தரிக்கோலை வைத்து முக்கால்வாசி வெட்டி நிறுத்தினார். துணுக்கு கவரோடு தொங்கியது. "தொங்கட்டும். தாய விட்டுப் புள்ள போகக் கூடாது." அன்று முதல் எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

கவர் பிடிபட்டு, குப்பிகள் பக்கம் வந்தபோது எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அந்தத் தலைக்கனத்தின் எடை அறுபது கிலோ.

தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எல்லாம் பெட். அதிலேயே நிறமில்லாதது தனி, பச்சை தனி. மூடியும் கழுத்து வளையமும் வேறு சாமான், கழற்ற வேண்டும். மேலே சுற்றிய லேபிளையும் உரிக்க வேண்டும். நான் ஐந்து நாளில் ஒரு பெரிய சாக்கு நிரப்பினேன். கண்ணாடி போல மின்னியது. பாய் அன்று வெளியூர். நானே எடை போட்டு, சில்லு அடிக்கும் ஆலைக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் அதே வண்டியில் அதே சாக்கு திரும்பி வந்தது. போக வர வண்டிக் கூலி எங்கள் தலையில்.

பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சாக்கின் வாயைப் பிரித்து மொத்தத்தையும் கொட்டினார். "ஒவ்வொண்ணா கவுத்துப் பாரு" என்றார். கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. "அடியப் பாரு." பார்த்தேன். "பொட்டு இருக்கா?"

இருந்தது. தண்ணீர் பாட்டிலின் அடியில் நட்டநடுவில் ஒரு சிறு மொட்டு, குழந்தைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு மாதிரி. விரல் நுனி வைத்தால் உறுத்தும். உருக்கிய பெட் அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். இருபதாவதோ முப்பதாவதோ ஒன்றில் பொட்டு இல்லை. அதற்குப் பதிலாக அடியின் குறுக்கே ஒரு கோடு, தையல் போட்ட மாதிரி. குழாயாகப் பிதுக்கி, அச்சு வைத்து அழுத்தி மூடியதால் வந்த தழும்பு. பாய் அந்தக் குப்பியின் பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி மடக்கினார். மடங்கிய இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. பெட் பாட்டிலை மடக்கினார், அப்படி வெளுக்கவில்லை.

"பி.வி.சி." என்றார்.

அறுபது கிலோவையும் கவிழ்த்துப் பார்த்து முடிக்க ராத்திரி ஒன்பது மணி ஆயிற்று. பதினொரு குப்பிகள். வெறும் பதினொன்று. இதற்காகவா ஒரு சாக்கைத் திருப்பி அனுப்புவார்கள் என்று உள்ளுக்குள் கோபம் வந்தது. பாய்க்கு அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த லோடு போகும்போது என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஆலையில் ஒரு தட்டில் சில்லுகளைக் காட்டினார்கள். கல்கண்டு மாதிரி வெள்ளைச் சில்லு. நடுவில் அங்கங்கே கருகிய புள்ளி. பெட் உருக ஏறத்தாழ 250 டிகிரி சூடு வேண்டும். பி.வி.சி. அவ்வளவு சூடு தாங்காது. அதற்கு முன்பே கருகி, அமில வாயுவைக் கக்கும். அந்த அமிலம் இயந்திரத்தையும் அரிக்கும், நல்ல பெட்டையும் மஞ்சளாக்கும். பாயசத்தில் ஒரு கருகிய முந்திரி விழுந்தால் வாசனை மொத்தச் சட்டிக்கும் ஏறுவது போலத்தான். ஆலைக்காரர் சொல்லி முடித்தபோது அந்தப் பதினொன்று எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் சட்டைப் பையில் இருந்த பாட்டில் மூடி ஒன்றை உருட்டிக்கொண்டே வந்தேன்.

கடற்கரைப் பக்கம் போனது அந்த வருடம் மழைக்கு முன்னால். வாரம் ஒரு தடவை எங்கள் குட்டியானை வண்டி சிதம்பரம் தாண்டி, கிள்ளைக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போகும். அங்கே ஓர் அக்கா வீடு வீடாகச் சேர்த்து வைப்பார். நாங்கள் எடை போட்டு எடுத்து வருவோம். முதல் தடவை போன அன்று அக்கா வரத் தாமதமானதால் பிச்சாவரத்து உப்பங்கழி ஓரமாக நடந்தேன். சுரபுன்னையின் வேர்கள் விரல் விரித்து நின்றன. அந்த விரல்களுக்கு நடுவே கவர்கள். ஒன்றை இழுத்து உதறினால், எங்கள் பக்கத்துத் துணிக்கடை ஒன்றின் பெயர் போட்ட பை.

வீராணம் நிரம்பினால் லால்பேட்டை மதகைத் திறந்து வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீரை விடுவார்கள். அது பழைய கொள்ளிடம் வழியாகக் கிழக்கே போய்க் கடலைச் சேரும். எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பை ஓடையில் வந்ததா, யாராவது படகுச் சவாரிக்கு வந்தபோது விட்டுப்போனதா, சொல்ல முடியாது. ஆனால் அதைக் கையில் பிடித்திருந்தபோது வெட்கமாக இருந்தது. ஊருக்குக் கொண்டுவந்து எச்.எம். சாக்கில் போட்டேன். பிச்சாவரத்து அலையாத்திக் காடு 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தியைப் படித்தபோது முதலில் அந்தப் பைதான் நினைவுக்கு வந்தது.

வெட்கம் வந்தால் ஏதாவது செய்யத் தோன்றும். நான் செய்தது பெரிய சொதப்பல்.

குப்பிகளின் அடியில் அம்புகள் சுற்றிய முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழிற்துறை 1988-ல் கொண்டுவந்த முறை. ஒன்று பெட், இரண்டு எச்.டி., மூன்று பி.வி.சி. என்று ஏழு வரை. குப்பத்திலேயே பிரித்துவிட்டால் கடையில் வேலை மிச்சம், அவர்களுக்கும் கூடுதல் விலை என்று கணக்குப் போட்டேன். ஏழு சாக்கில் ஏழு எண்களைப் பெயிண்டால் எழுதி, கம்பு நட்டு, வரிசையாகக் கட்டினேன். ஓர் அட்டையில் படம் வரைந்து மாட்டினேன். கூட்டம் கூட்டி அரை மணி நேரம் பேசினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் போனால் ஒன்றாம் எண் சாக்கில் எல்லாம் இருந்தது. பாட்டில், கவர், மீன் செவுள், தேங்காய் மட்டை. மற்ற ஆறு சாக்கும் காலி. ஏழாவது சாக்கை யாரோ கோழி மூட அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஈரத்தில் ஊறி மொத்தமும் நாறியது. அக்கா மூக்கைப் பொத்தவில்லை, சிரித்தார். "தம்பி, மீனு அறுத்த கையோட கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒன் நம்பரத் தேடச் சொல்றியா?"

கடைக்கு வந்து ஊர்மக்களுக்கு அக்கறை இல்லை என்று பாயிடம் பொரிந்து தள்ளினேன். அவர் காகிதக் கட்டுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ இங்க வந்து எத்தன மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம் பாய்."

"ஒத்த சாக்க சரியாப் பிரிக்க வந்துச்சா?"

பதில் சொல்லவில்லை. இன்னும் வரவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"ஒனக்கு எட்டு மாசம். அவங்களுக்கு அர மணி நேரமா?" கயிற்றை முடிந்தார். "அவங்க வேலைய அவங்ககிட்ட கேளு. நம்ம வேலைய நாம செய்யணும்."

அவங்க வேலை எது என்று கண்டுபிடிக்க மேலும் இரண்டு வாரம் ஆனது. அக்காவோடு உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்காமலேயே கை செய்யக்கூடியது எதுவோ அதை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தோம். நனைந்தது, நனையாதது, வலை. மூன்றே மூன்று. சமையல், மீன் கழிவு நனைந்ததற்கான வாளியில். அது தென்னையடிக் குழிக்கு. காய்ந்தது எல்லாம், பாட்டிலோ கவரோ அட்டையோ, ஒரே சாக்கில். எண் கிடையாது, படம் கிடையாது. நுணுக்கமாகப் பிரிப்பது எங்கள் கொட்டகையின் வேலை. வெகுநாள் கழித்து 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்தேன். அவையும் வீட்டுக் குப்பையை மூன்றாகத்தான் பிரிக்கச் சொல்லியிருந்தன: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு. எங்கள் மூன்றாவது மட்டும் வேறு. ஆபத்து என்று பார்த்தால் வலையும் அதில் அடங்கும். கடலில் அறுந்து கிடக்கும் வலை ஆளில்லாமலேயே பிடித்துக்கொண்டிருக்கும், பங்குனி ஆமைகளையும் சேர்த்து.

இந்த மூன்று பிரிவு முறை ஆறு வாரம் நன்றாக ஓடியது. பிறகு நான் அதைக் கெடுத்தேன்.

எங்கள் நாள் புதன்கிழமை. நவம்பர் கடைசியில் அடைமழை. ஒரு புதன் வண்டி போகவில்லை. மழையில் யார் எதிர்பார்க்கப் போகிறார்கள் என்று அக்காவுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அடுத்த புதன் போனபோது சாக்குகள் காலி. வைக்க இடமில்லாமல், நனைந்து கனத்ததால், கழிக்கரையில் கொட்டிவிட்டிருந்தார்கள். பாதி எரிந்து கட்டியாகக் கிடந்தது. அதன்பின் சாக்கில் பழையபடி கலந்து விழ ஆரம்பித்தது. ஒரு புதன் தவறியதைச் சரிக்கட்ட மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் தவறாமல் போனேன்; பத்துக் கிலோ இருந்தாலும் எடுத்தேன், ஒன்றும் இல்லாவிட்டாலும் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். அது பாய் சொன்ன யோசனை. "சாமான் வேணாம். வந்தோம்னு தெரியணும்." மறுபடி வீடுகளிலிருந்து பிள்ளைகள் சாக்கோடு ஓடிவர ஆரம்பித்த நேரம் ஊரடங்கு வந்து எல்லாவற்றையும் மூடியது. அது வேறு கதை.

வலைக்கு வருகிறேன். என் பெரிய படிப்பும் பெரிய தோல்வியும் அங்கேதான்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறும்; மராமத்து நடக்கும்; வலையைப் பிரித்துத் தைப்பார்கள். தைக்க லாயக்கில்லாதது குவியும். 2021 தடைக்காலத்தில் ஒரே மாதத்தில் கொட்டகையின் பாதி வலையால் நிரம்பியது. வலை என்றால் ஒரே சாமான் இல்லை. நண்டு வலை, செவுள் வலை எல்லாம் நைலான் நரம்பு. இழுவை வலையின் மடி பெரும்பாலும் எச்.டி. நூல். ஓரக் கயிறு பி.பி. மேலே மிதவை, கீழே ஈயக் குண்டு. ஒரே ஓர் ஈயக் குண்டு உள்ளே இருந்துவிட்டால் அரைக்கும் இயந்திரத்தின் கத்தி போய்விடும். அதனால் கயிறு முழுக்க விரலால் உருவிப் பார்க்க வேண்டும்.

அப்படி உருவும்போதுதான் வலைக்குள் சிக்கியிருந்த தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறியது. முதலில் கொக்கியால் அலசு, பிறகு கையை வை என்பது பாயின் முதல் பாடம். நான் அவசரப்பட்டேன். வலித்ததும் பின்னால் இழுக்கப் போனேன். அன்று கடைக்கு வந்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இழுக்காத. அதுக்குப் பின்னால மடக்கு இருக்கு, சதையப் பிச்சிக்கிட்டு வரும். முன்னால தள்ளு." தள்ளினார். முனை வெளியே வந்தது. மடக்கைக் குறடால் நறுக்கிவிட்டு மிச்சத்தை உருவினார். டி.டி. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வந்தேன். பாய் என் கையைப் பார்த்துவிட்டுக் கொக்கியை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான் பேச்சு.

நைலானையும் எச்.டி.யையும் பிரிக்க பாய் ஒரு அகலமான அலுமினியத் தவலையில் தண்ணீர் வைத்தார். "மிதந்தா எச்.டி., முங்குனா நைலான்." எச்.டி. தண்ணீரைவிட லேசு, நைலான் கனம். இதைவிட எளிய பாடம் வேறு இல்லை என்று தோன்றியது. அன்று பூராவும் வலைத்துண்டுகளைக் கத்தை கத்தையாகத் தவலையில் போட்டுப் பிரித்தேன். எது மிதந்ததோ அதெல்லாம் ஒரு சாக்கு. பாய் ஒருமுறை வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் சொல்லாமல் போனால் சரி என்று அர்த்தம் என்று நினைத்தேன். நான் எப்போது பார்ப்பேன் என்று காத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

எச்.டி. உருக்கும் இடத்திலிருந்து சீட்டு வந்தது. கழிவு என்ற பத்தியில் நான் அதுவரை பார்க்காத எண். எச்.டி. ஏறத்தாழ 130 டிகிரியில் உருகிவிடும். நைலானுக்கு 220 வேண்டும். உருகிய குழம்புக்குள் உருகாத நைலான் நரம்பு சேமியா மாதிரி நின்று சல்லடையை அடைத்திருக்கிறது.

எப்படி? மிதந்ததைத்தானே எடுத்தேன்? அன்றிரவு தவலை முன் தனியாக உட்கார்ந்தேன். ஒரு கத்தையைப் போட்டேன். மிதந்தது. குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். நரம்பு நரம்பாக முழுக்கக் குமிழி. பனித்துளி கோத்த சிலந்திக் கூடு மாதிரி. வலையை மிதக்க வைத்தது அதற்குள் மாட்டிக்கொண்ட காற்று. ஒரு நரம்பை மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டி, சோப்புக் கையால் உருவி, தண்ணீருக்குள் கட்டைவிரலால் அமுக்கி விட்டேன். ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு சாய்ந்து, மெதுவாக, தவலையின் அடியில் போய்ப் படுத்தது.

அந்த ஒரு நூல் இறங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் பாயிடம் சொன்னேன். "கத்தையாப் போட்டா காத்து தூக்கும் பாய். ஒத்த நூலா, சோப்புப் போட்டு." அவர் தலையாட்டினார். அதேபோல் சிப்பி ஒட்டிய எச்.டி. மூழ்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதை நானாகக் கண்டுபிடிக்க விட்டிருந்தால் இன்னொரு சாக்கு போயிருக்கும்.

பிறகு தவலையும் தேவைப்படாமல் போனது. எப்போது என்று சொல்ல முடியவில்லை. ஒரு நாள் மாலை கரண்ட் போய்விட்டது. பேசிக்கொண்டே கை போக்கில் பிரித்துக்கொண்டிருந்தேன். விளக்கு வந்தபோது குவியல்கள் சரியாக இருந்தன. நைலான் விரலில் வழுக்கி, வளைத்தால் துள்ளித் திரும்பும். ஈரம் குடித்தால் கொஞ்சம் குழையும். எச்.டி. நூலில் மெழுகு தடவின மாதிரி ஒரு வழவழப்பு. நகம் வைத்தால் தடம் நிற்கும். என் வலது கைக் கட்டைவிரல் நகமும் நீளமாக வளர்ந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

எல்லாம் பிரித்த பிறகும் ஒரு மூலையில் மிச்சம் இருக்கும். வெள்ளி மின்னும் சிப்ஸ் கவர், எதிலும் சேராத கிழிசல்கள். அவை சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாகப் போகலாம். பக்கத்து அரியலூர்ப் பகுதியில் ஆலைகளுக்குக் குறைவில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட வழியில் மெல்லிய கவர்களைத் துருவி, சூடான ஜல்லிமேல் படிய விட்டு, தார் கலந்து சாலையும் போடலாம். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதிலும் பி.வி.சி. கூடாது, அங்கேயும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரித்தாக வேண்டும். கேரளத்தில் கொல்லம் பக்கம் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017 முதல் மீனவர்கள் வலையில் வரும் பிளாஸ்டிக்கைக் கடலில் திரும்ப வீசாமல் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் கழுவிப் பிரித்து, துருவிச் சாலைக்கு அனுப்பினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தப் பெண்களின் கைகளைப் பற்றித்தான் யோசித்தேன். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எத்தனை சாக்கு திரும்பி வந்திருக்கும்?

குப்பத்தில் இப்போதும் மூன்று பிரிவுதான். புதன்கிழமைதான். தடைக்காலத்தில் மட்டும் வலைக்காகச் சனிக்கிழமையும் போகிறோம். அது அக்கா சொன்ன திருத்தம். ஈயக் குண்டை அங்கேயே கழற்றி வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பப் பயன்படும், எங்கள் விரலுக்கும் வேலை குறையும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாக்கை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். வாயைத் தைப்பது பாய் மட்டும். தைத்தவர்தான் உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு. போன தடைக்காலம் முடிந்து அனுப்பிய நைலான் லோடுக்குச் சீட்டு வந்தது. கழிவுப் பத்தியில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார்கள். பாய் கண்ணாடியை ஏற்றி அதை இரண்டு தடவை பார்த்தார். சீட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு அடுத்த சாக்கை என் பக்கம் தள்ளி, தொப்பியடியில் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கை நடுங்கியது. சணல் கோத்து, வாயை மடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தைத்து முடித்தேன். பாய் வந்து தையலைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"எடவெளி ஜாஸ்தி. பிரிச்சுத் தை."

பிரித்தேன். மறுபடி தைக்க ஆரம்பித்தேன்.